கலப்பு பின்னக் கழித்தல்: இரண்டு வழி, இரண்டு விடை. எங்கே தவறு?

ஏழாம் வகுப்பு அப்பா:
5 1/4 − 2 5/6. இந்த ஒரு கணக்கோடு நேற்று இரவு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். மகளுக்கு 2 1/4 வருகிறது. நான் தகா பின்னமாக மாற்றிச் செய்தால் 29/12, அதாவது 2 5/12.

அவள் செய்தது இப்படி: 4, 6 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12. ஆகவே 5 3/12 − 2 10/12. மூன்றில் பத்து போகாது. 5-இடம் ஒன்று கடன் வாங்கி அதை 4 ஆக்கினாள். 3 இப்போது 13. பதின்மூன்றில் பத்து போக 3. முழு எண் 4 − 2 = 2. விடை 2 3/12, சுருக்கினால் 2 1/4.

வரிக்கு வரி பார்த்துவிட்டேன், தவறு கண்ணில் படவில்லை. "போன வாரம் 5 3/10 − 2 7/10 இப்படித்தான் செய்தேன், சரியாக வந்ததே" என்று வேறு வாதாடுகிறாள்.

சிலேட்டுப் பலகை:
கடன் எதற்கு? 63/12 − 34/12. முடிந்தது.

ஏழாம் வகுப்பு அப்பா:
விடை எனக்கும் தெரியும் ஐயா. அவள் வழியில் எந்தப் படி சறுக்கியது என்பதுதான் கேள்வி.

கணக்கு டீச்சர்:
அந்த 13-தான். வாங்கியது ஒரு முழு 1. பகுதி 12 என்பதால் அது 12/12 ஆகத்தான் வந்து சேரும். 3 + 12 = 15; பத்து போக 5. முழு எண்களைக் கழிக்கும் பழக்கத்தில் அவள் 10 கூட்டிவிட்டாள். போன வாரக் கணக்கில் பகுதியே 10, அதனால் தவறு வெளியே தெரியாமல் தப்பித்தது. வகுப்பில் இதைப் பிடிக்க எனக்கே நாளானது.

விதியைச் சொல்லாதீர்கள். 5 மணி 15 நிமிடத்தில் 2 மணி 50 நிமிடம் கழிக்கச் சொல்லுங்கள். அங்கே 60 நிமிடம் வாங்குவாளே தவிர 10 வாங்கமாட்டாள். 75 − 50 = 25. இதுவும் அதே கணக்குதான்: 15 நிமிடம் 1/4 மணி, 50 நிமிடம் 5/6 மணி, மிஞ்சிய 25 நிமிடம் 5/12 மணி. பிறகு 4 − 1 3/8 கொடுத்துப் பாருங்கள்.

சிலேட்டுப் பலகை:
ஒப்புக்கொள்கிறேன். 47 1/8 − 19 5/6 போன்றவற்றில் என் வழிக்கு 1131/24 − 476/24 என்று எழுதித் தொலைக்கவேண்டும். கடன் வாங்கினால் 46 27/24 − 19 20/24, உடனே 27 7/24.

ஏழாம் வகுப்பு அப்பா:
கடிகாரம் வேலை செய்தது. 13-ஐ அவளே அழித்து 15 போட்டாள். 4-ஐ யாரும் சொல்லாமலே 3 8/8 என்று எழுதி 2 5/8 கொண்டுவந்தாள். இப்போது பழைய நோட்டைப் புரட்டுகிறாள்: 6 2/7 − 1 5/7-க்கும் அதே போல 10 கூட்டி, விடை 4 7/7 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாள்.