கையில் ஜிபிஎஸ் இருந்தும் விமானம் எப்படி மின்கோபுரத்தில் போய்ச் சிக்கும்?

ஜெர்மன்டவுன்வாசி:
2022 நவம்பர் 27, ஞாயிறு மாலை. மேரிலாந்தில் எங்கள் பக்கம் ஐந்தரை மணிவாக்கில் கரண்ட் போனது. கெய்தர்ஸ்பர்க்கில் ஒரு சின்ன விமானம் டவர் லைனில் மோதி, தரையிலிருந்து 100 அடி உயரத்தில் அப்படியே தொங்குகிறது என்று பிறகு தெரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை, மறுநாள் பள்ளிக்கூடமும் இல்லை. இப்போது என் மகள் விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்கிறாள், அதனால் கேட்கிறேன். ஜிபிஎஸ் இருந்தும் இது எப்படி நடக்கும்? அவர்களை இறக்க ஏன் ஏழு மணி நேரம் ஆனது?

மேகத்துக்குமேல்:
நான் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓட்டுபவன், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) உண்டு. இந்த விபத்தை விடாமல் படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அது மூனி எம்20ஜே, ஒற்றை எஞ்சின். நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் பிளெயின்ஸிலிருந்து மான்ட்கோமரி கவுன்ட்டி ஏர்பார்க்குக்கு வந்தது. இருட்டிவிட்டது, மேகம் மிகத் தாழ்வு. 14ஆம் ஓடுபாதைக்கு ஜிபிஎஸ் அப்ரோச், அதாவது ஜிபிஎஸ் காட்டும் வழியில் ஓடுபாதையை நோக்கி இறங்குவது. அதற்கான வரைபடத்தில் வழிநெடுகப் பெயர் வைத்த புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் எந்த உயரத்துக்குக் கீழே கடக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். படிக்கட்டு மாதிரி, ஒரு படி முடியாமல் அடுத்ததில் கால் வைக்கக் கூடாது. அந்த மூனி, படிகளுக்குக் கீழேயே வந்துகொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான 3 டிகிரி சரிவில் ஒரு நாட்டிக்கல் மைலுக்கு (சுமார் 1.85 கி.மீ.) சுமார் 320 அடி இறங்குவோம். கோபுரம் இருந்தது ஓடுபாதைக்கு ஒன்றேகால் மைல் முன்னால். அங்கே விமானம் ஓடுபாதையைவிட 350, 400 அடி உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ தரையிலிருந்து 100 அடியில். தொங்கிக்கொண்டே 911 அவசர உதவி எண்ணில் பேசிய பைலட், இருக்க வேண்டியதைவிடக் கீழே வந்துவிட்டதாகவும் விமான நிலையம் இன்னும் பக்கத்தில் இருப்பதாக நினைத்ததாகவும் சொன்னார்.

மேகத்துக்குள் ராத்திரியில் வெளியே ஒன்றுமே தெரியாது. ஆனாலும் கண் ஓடுபாதை விளக்கைத் தேடி ஜன்னலுக்கே ஓடும். அந்த நேரத்தில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் முள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் நான் தனியாகப் பறந்தாலும் ஒவ்வொரு புள்ளியிலும் வாய்விட்டுச் சொல்வேன்: இந்தப் புள்ளி, இவ்வளவு அடி, இதற்குக் கீழே இல்லை. வரைபடம் அனுமதிக்கும் கடைசி உயரத்துக்கு வந்தும் விளக்கு தெரியவில்லையா? முழு பவர் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். மிஸ்டு அப்ரோச் என்பது அதுதான். அதில் ஒரு கேவலமும் இல்லை. வேறு ஊரில் இறங்கி டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம்.

லைன்மேன்_ஈரோடு:
ஏழு மணி நேரம் ஏன்னு நான் சொல்றேன் சார். 110 கேவி லைன்ல வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவன். லைனை ஆஃப் பண்ணிட்டா போதும்னு வெளியாள் நினைப்பாங்க. பக்கத்துல இன்னொரு சர்க்யூட் ஓடிட்டிருந்தா ஆஃப் பண்ண கம்பியிலயும் இண்டக்ஷன்ல, அதாவது தொடாமலே, கரண்ட் வரும். ரெண்டு பக்கமும் எர்த் போடாம கை வைக்கவே கூடாது. எல்.சி. (லைன்ல வேலை செய்யலாம்னு தர்ற அனுமதி) வாங்கி, டெஸ்ட் பண்ணி, எர்த் ராடு மாட்டின பிறகுதான் ஆள் ஏறணும். அங்கயும் அப்படித்தான், கம்பிக்கு எர்த் பண்ணிட்டு, விமானம் நழுவாம டவரோட சங்கிலி போட்டுக் கட்டிட்டுத்தான் ஆளை இறக்கினாங்க. நள்ளிரவு பன்னிரண்டரை வாக்குல ரெண்டு பேரும் கீழ வந்தாங்க. அந்தப் பனிமூட்டத்துல, 100 அடி உயரத்துல, யாருக்கும் ஒண்ணும் ஆகாம செஞ்சாங்களே, அந்த ஆளுங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

ஜெர்மன்டவுன்வாசி:
அண்ணா, மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். கோபுரத்தில் சிவப்பு விளக்கு இருந்திருந்தால் தப்பியிருக்கலாமா?

மேகத்துக்குமேல்:
அமெரிக்காவில் பொதுவாக 200 அடிக்கு மேல் உயரும் கட்டமைப்புகளுக்குத்தான் விளக்குக் கேட்பார்கள். இருந்திருந்தாலும் அன்றைய மேகத்தில் தெரிந்தபோது திருப்ப நேரம் இருந்திருக்காது. அந்தக் கோபுரத்தை அப்ரோச் வரைந்தவர்கள் முன்பே கணக்கில் எடுத்திருப்பார்கள். வரைபடத்தில் உள்ள உயரத்தைக் காத்தால் அது உங்களுக்குக் கீழேயே கடந்துபோகும், நீங்கள் பார்க்கக்கூடத் தேவையில்லை.

மகளைத் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். பிரைவேட் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு மேகத்துக்குள் போக அனுமதியே கிடையாது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தனி. அதற்கு மேகத்திலோ, வெளியே பார்க்க முடியாதபடி கண்மறைப்புப் போட்டோ 40 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும். சேர்க்கும் முன் பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள்: மாணவர்களை நிஜ மேகத்துக்குள் கூட்டிப் போவீர்களா, ராத்திரி அப்ரோச் எத்தனை செய்யவைப்பீர்கள் என்று. கண்மறைப்போடு நிறுத்திவிடுபவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.