புது ஸ்னோ பைக் டிராக் கிட்: ரெண்டே நாள்ல இன்ஜின் ஆயில் அளவு ஏறுது. எங்கிருந்து வருது?

மண்தடம்:

வணக்கம். என்னோடது 450 சிசி நாலு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி. மண்ணுல ஓட்டினவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. 2017ல ஆஸ்பென் எக்ஸ் கேம்ஸ்ல ஸ்னோ பைக் பந்தயம் முதல்முறையா வந்தப்போ பார்த்தேன், அப்பவே ஆசை விழுந்துருச்சு. இந்தக் குளிர்காலத்துலதான் கிட் கைக்கு வந்தது. முன் சக்கரத்தைக் கழட்டி ஸ்கீ, பின்னாடி சக்கரத்தோட ஸ்விங்ஆர்ம் (சக்கரத்தைத் தாங்குற கை), ஷாக் ரெண்டையும் இறக்கிட்டு டிராக், அதாவது பனியில சுத்துற ரப்பர் பட்டை. நானே ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மாட்டினேன்.

மொத்தம் ஏழு மணி நேரம்தான் ஓட்டியிருக்கேன். நேத்து வண்டியை நேரா நிக்க வெச்சு ஆயில் கண்ணாடியைப் பார்த்தா, மேல் கோட்டைத் தாண்டி முழுக்க நிறைஞ்சு நிக்குது. ஊத்தும்போது நடுவுலதான் நிறுத்தினேன், அது நல்லா ஞாபகம் இருக்கு. நிறமும் வெளுத்து, பால் கலந்த மாதிரி. மூடியைத் திறந்தா உள்பக்கம் வெள்ளையா நுரை ஒட்டியிருக்கு.

இன்னொண்ணு. ஆழமான புதுப்பனியில இருபது நிமிஷம் ஓட்டினா வண்டி மெதுவா மூச்சு வாங்கி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. கெட்டிப்பட்ட தடத்துல ஸ்கீ இடதும் வலதும் இழுக்குறது வேற.

இன்ஜினைப் பிரிக்கணுமா? கிட்டை மாட்டினதுல நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

திருகுவிசை:

ஆயில் வெளுத்துப் போச்சுன்னா கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) உள்ள இறங்குதுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இல்லேன்னா வாட்டர் பம்ப் சீல். ஸ்டார்ட் பண்ணாதீங்க, பிரிச்சுப் பார்த்துடுங்க.

வெண்புழுதி:

பிரிக்கிறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. இன்ஜின் முழுக்க ஆறின பிறகுதான். கூலன்ட் முன்ன இருந்த அளவுலயே இருந்தா, மேல திருகுவிசை சொன்ன ரெண்டுமே இல்லை. குறைஞ்சிருந்தா அவர் சொன்னதுதான் சரி, பிரிச்சே ஆகணும். அடுத்து ஆயிலை விரல்ல தொட்டு முகர்ந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா இன்ஜின் கெட்டுப்போகலை, குளிர்ல கிடந்து தவிக்குது.

எனக்கு முதல் குளிர்காலம் இதேதான் நடந்தது. வடிச்ச ஆயிலை ஒரு கண்ணாடி ஜாடியில ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சிருந்தேன். காலையில பார்த்தா அடியில தெளிவா ஒரு படலம் தண்ணி, அதுக்கு மேல வெளுத்த ஆயில், திறந்தா மூக்கைத் துளைக்கிற பெட்ரோல் வாடை. கூலன்ட் ஒரு சொட்டுகூட குறையலை. அப்போ இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சேன்.

காரணம் இதுதான். மோட்டோகிராஸ் வண்டியை வெயில்ல, மெதுவான வேகத்துல, முழுத் திருகல்ல ஓட்டுறதுக்குன்னு செஞ்சிருக்காங்க. ரெண்டு பெரிய ரேடியேட்டர் இருக்கும், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகுறவரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) பெரும்பாலும் இருக்காது. அதே வண்டியைப் பனிக்குள்ள இறக்குறோம். ஸ்கீ கிளப்புற பனி நேரா ரேடியேட்டர் மேலயும் க்ராங்க்கேஸ் (ஆயில் இருக்குற இன்ஜின் அடிப்பெட்டி) மேலயும் விழுது, விழுந்து உருகி ஓடுது. இன்ஜின் சூடாகவே விடமாட்டேங்குது.

இன்ஜெக்ஷன் வண்டியில கூலன்ட் சென்சார் சொல்றதை நம்பித்தான் இசியூ, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், பெட்ரோல் விடுது. கூலன்ட் 40 டிகிரியிலயே நின்னா, "இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க"ன்னு நினைச்சு நாள் முழுக்க அதிகமா விட்டுக்கிட்டே இருக்கும். குளிர்ந்த சிலிண்டர்ல அந்தப் பெட்ரோல் முழுசா ஆவியாகாது. சுவர்ல படிஞ்சு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில்ல இறங்குது. எரியும்போது உண்டாகுற நீராவியும் ரிங் வழியா கொஞ்சம் கீழ வந்து, ஜில்லுனு இருக்குற க்ராங்க்கேஸ்ல தண்ணியா மாறுது. ஆயில் நல்லா சூடேறினா ரெண்டும் ஆவியா வெளிய போயிருக்கும். சூடேறாததால அங்கேயே தங்கி அளவைக் கூட்டுது. இந்த வண்டிகள்ல ஆயிலே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் முன்னபின்னதான். அதுல நூறு மில்லி பெட்ரோல் கலந்தாலே வழவழப்பு போச்சு. பேரிங்கும் கேம்மும் அந்த ஆயிலை நம்பித்தான் சுத்துது. அதனால இப்ப இருக்குற ஆயில்ல தயவுசெஞ்சு இன்னொரு தடவை ஓட்டாதீங்க.

எல்லாரும் பவரைப் பத்திதான் முதல்ல கேக்குறாங்க, 250 போதுமா 450 வேணுமான்னு. அது நியாயமான கேள்விதான். 300 மீட்டர் ஏறினா சுமார் 3 சதவீதம் பவர் குறையும், டிராக்கைச் சுத்தறதுக்கே நிறைய பிடுங்கும், 450 இருந்தா நல்லது. ஆனா பனியில இன்ஜினைக் காப்பாத்துறது சூடுதான். கிட்டுக்குச் செலவழிக்கிறவங்க அதோட சேர்த்தே தெர்மோஸ்டாட்டுக்கும் எடுத்து வைக்கணும்னு நான் பார்க்குறவங்ககிட்ட எல்லாம் கெஞ்சாத குறையா சொல்றேன்.

தெர்மோஸ்டாட் வாங்கும்போது பைபாஸ் உள்ளதா பார்த்து வாங்குங்க. குழாய்க்கு நடுவுல சும்மா ஒரு வால்வை மட்டும் வெச்சா, மூடியிருக்கும்போது ரேடியேட்டர்ல தேங்கின கூலன்ட் உறைபனிக் குளிருக்குப் போயிடும். வால்வு திறந்ததும் அந்தக் குளிர் மொத்தமும் சூடான சிலிண்டர்ல போய் அடிக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்கா இருந்தா பிஸ்டன் பிடிச்சுக்கவே வாய்ப்பு இருக்கு. பைபாஸ் இருந்தா வால்வு மூடியிருக்கும்போதும் கூலன்ட் இன்ஜினுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், திறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கலக்கும். 70 டிகிரி சுத்துவட்டத்துல திறக்குற மாதிரி போடுங்க.

அது வர்றவரைக்கும் ஒரு ரேடியேட்டரை முழுசா மூடிடுங்க, இன்னொண்ணைப் பாதி. ஹேண்டில்ல வெப்பமானி ஒண்ணு கட்டாயம். அது இல்லாம மூடினா கெட்டித் தடத்துல கொதிச்சிடும். அங்க பனி தெறிக்காது, ரேடியேட்டருக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்காது.

நான் குளிர்லயும் இளகி ஓடுற 0டபிள்யூ-40 ஆயில் போடுறேன், அஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்துறேன்.

மண்தடம்:

இப்பத்தான் பார்த்தேன். கூலன்ட் நிறைஞ்சுதான் இருக்கு, கழுத்துவரைக்கும். ஆயில்ல பெட்ரோல் வாடை நல்லாவே வருது. மனசு லேசாச்சு, ரொம்ப நன்றி.

நடுவுல நிக்குறதைப் பத்தி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரெண்டாவது தடவை நின்னப்போ பெட்ரோல் இருக்கான்னு பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். "உஸ்"னு சத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரே அழுத்துல ஸ்டார்ட் ஆயிடுச்சு.

வெண்புழுதி:

அந்த உஸ்ஸுலயே விடை இருக்கு. டேங்க் மூடியிலிருந்து வர்ற சின்னக் காத்துக்குழாய் பனியால அடைச்சுப் போச்சு. பெட்ரோல் குறையக் குறைய காத்து உள்ள போக வழியில்லை, பம்ப் இழுத்து இழுத்து ஓய்ஞ்சிடுது. குழாய் நுனியை ஹேண்டில் நடுவுல இருக்குற பஞ்சு உறைக்குள்ள செருகி விடுங்க. பனி படாது.

இதே மாதிரி இன்னொரு குழாய் இருக்கு, அதுதான் என்னைப் பயமுறுத்துற குழாய். க்ராங்க்கேஸ் பிரீதர், இன்ஜின் உள்ள சேர்ற காத்தை வெளிய விடுறது. பல வண்டிகள்ல அது இன்ஜினுக்கு அடியில போய் முடியும். ஈரக்காத்து வெளிய வர்ற நுனியில பனி தெறிச்சா, நெல்லு கனத்துல ஒரு ஐஸ் துண்டு போதும், மொத்தமா மூடிக்கும். உள்ள அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிடும். எனக்கு ஒரு தடவை ஸ்ப்ராக்கெட் பக்கத்து சீல் வெளிய வந்து, வெள்ளைப் பனியில நூறு மீட்டருக்குக் கறுப்புக் கோடு. திரும்பிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. இப்ப அந்தக் குழாயை மேல தூக்கிக் கட்டியிருக்கேன். இன்ஜின் சூடு படுற உயரத்துல, பின்பக்கம் பார்த்து ஒரு சின்ன வெட்டும் போட்டிருக்கேன். நுனி அடைச்சாலும் வெட்டு வழியா மூச்சு விடும்.

ஏர்பாக்ஸையும் (காத்து ஃபில்டர் இருக்குற பெட்டி) திறந்து பாருங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர் பனிப்பொடியைக் குடிச்சு உறைஞ்சு பலகை மாதிரி ஆயிடும். தண்ணி ஒட்டாத வலைத்துணி உறை கிடைக்கும், அதைப் போட்டுட்டு, டிராக் பக்கம் பார்த்த ஓட்டைகளை அடைச்சிடுங்க.

ஸ்கீ இழுக்குறது கொஞ்சம் பழக்கம், கொஞ்சம் அமைப்பு. ஸ்கீ அடியில நீளவாக்குல துருத்திக்கிட்டு இருக்குற விளிம்பு ஏற்கெனவே விழுந்த பள்ளங்களைத் தேடிப் போகும். கெட்டியா பிடிச்சுக்கிட்டா சண்டை அதிகமாகும். கையைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னாடி வெச்சு ஓட்டிப் பாருங்க. அப்பவும் இழுத்தா ஸ்கீ மேல எடை அதிகம். டிராக் சஸ்பென்ஷன்ல முன்பக்கம் கீழ இறங்குறதைக் கட்டுப்படுத்துற லிமிட்டர் பட்டை இருந்தா ஒரு துளை தளர்த்துங்க, ஸ்கீ லேசாகும். புதுப்பனிக்குள்ள இறங்கிட்டா இந்தத் தொல்லையே இருக்காது. சாய்ச்சாலே திரும்பும், ஆளுயர மரங்களுக்கு நடுவுல ஒத்தையடித் தடம் போட்டுக்கிட்டு போகலாம். அந்த சுகத்துக்குத்தானே இத்தனையும்.

மாட்டினதுல தப்பு எதுவும் தெரியலை. ஆனா முதல் சில மணி நேரத்துல புது டிராக் நீளும், ரெண்டு செயினும் தளரும். இன்ஜின்ல இருந்து இடைத்தண்டுக்கு ஒண்ணு, அங்கிருந்து டிராக்குக்கு இன்னொண்ணு. இழுவிசையையும், ஸ்விங்ஆர்ம் இருந்த இடத்துல போட்ட போல்ட்டையும் மறுபடி ஒரு தடவை பாருங்க.

மலைச்சாரல்:

இன்ஜினைப் பத்தி நண்பர் எல்லாம் சொல்லிட்டார். நான் கேக்க வந்தது வேற. ஏழு மணி நேரமும் யார்கூடப் போனீங்க?

ஸ்னோ பைக்குக்கு ஒல்லியான உடம்பு, ஸ்னோமொபில் நுழையாத சரிவுலயும் நுழையும். அதனாலதான் கேக்குறேன். பனிச்சரிவு பெரும்பாலும் 30லேர்ந்து 45 டிகிரி சாய்வுலதான் பிச்சுக்கிட்டு வருது. புதைஞ்சவரை முதல் பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு. அதுக்கப்புறம் வேகமா குறையுது. அந்த நேரத்துக்குள்ள எந்த மீட்புக் குழுவும் வந்து சேராது, கூட வந்தவங்கதான் எடுக்கணும். பீக்கன் (புதைஞ்ச இடத்தைக் காட்டுற சிக்னல் கருவி), பனிக்குள்ள குத்தித் தேடுற குத்துக்கோல், மண்வெட்டி மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும். அதுவும் வண்டியில கட்டி இல்லை, உடம்புல. வண்டி ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க.

ஃபோனை பீக்கன்ல இருந்து குறைஞ்சது 20 சென்டிமீட்டர் தள்ளி வைங்க. தேடும்போது 50. சூடேத்துற கையுறையும் சிக்னலைக் குழப்பும். சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருத்தரா போங்க, மத்தவங்க பத்திரமான இடத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். எங்க கூட்டத்துல இதை எழுதப்படாத சட்டமா வெச்சிருக்கோம்.

மண்தடம்:

தனியாத்தான் போனேன். இனிமே போகமாட்டேன். பீக்கன் பயிற்சிக்குப் பேர் கொடுத்துட்டேன், பக்கத்துல ரெண்டு பேர் சேர்ந்து வர்றதாவும் சொல்லியிருக்காங்க.

வண்டி நிலவரம்: ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன். வடிச்சதை ஜாடியில வெச்சதுல எனக்கும் அடியில தண்ணிப் படலம். வெப்பமானி மாட்டி முதல்ல எதையும் மூடாம ஓட்டிப் பார்த்தேன், புதுப்பனியில 43ஐத் தாண்டவே இல்லை. இடது ரேடியேட்டரை முழுசா, வலதை பாதி மூடினதும் 72. டேங்க் குழாயை உறைக்குள்ள செருகியாச்சு, ரெண்டு மணி நேரம் ஒரு தடவைகூட நிக்கலை. ஆயில் கண்ணாடியில நான் நிறுத்தின இடத்துலயே கோடு நிக்குது. லிமிட்டர் பட்டை இன்னும் தொடலை.

பிரீதர் குழாய் என் வண்டியில இடதுபக்கம் செயின் காப்புக்குப் பின்னாடி இறங்குது. வெட்டை எந்த உயரத்துல போடட்டும்?

வெண்புழுதி:

சிலிண்டர் அடிப்பாகத்துக்கு நேர் உயரத்துல. ஒரு சென்டிமீட்டர் நீளம் போதும், குறுக்கா வெட்டாம நெடுக்கா வெட்டுங்க, குழாய் மடங்காது. தெர்மோஸ்டாட் வந்ததும் மூடியிருக்குறதைக் கொஞ்சம் கொஞ்சமா திறந்து பார்த்து, எந்த அளவுல 70க்கு மேல நிக்குதுன்னு இங்க எழுதுங்க.