வைத்த பொதுச்சாவி பையருக்குக் கிடைக்கவில்லை. பட்டறைக்கு மெயிலும் போகவில்லை

நொய்யல்கரை:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினி வேலை என் பொறுப்பு. விலைப்பட்டியலை இனி ஓப்பன்பிஜிபி மறையாக்கம் (பெறுபவர் மட்டுமே திறக்க முடியும்படி மெயிலைப் பூட்டும் முறை) செய்தே அனுப்ப வேண்டும் என்று, எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேருக்கும் தண்டர்பேர்டு மெயில் செயலியில் சாவி உருவாக்கி, பொதுச்சாவிகளை (எங்களுக்கு வரும் மெயிலைப் பூட்ட மற்றவர்களுக்குத் தேவையானவை) டபிள்யூகேடி முறைப்படி, அதாவது மெயில் முகவரியை வைத்தே தேடி எடுக்கும்படி, எங்கள் இணையதளத்திலேயே வைத்தேன். சாவிக் கோப்பின் முகவரியை உலாவியில் தட்டினால் கோப்பு ஒழுங்காக இறங்குகிறது. பையரின் மறையாக்க மென்பொருளான ஜிஎன்யுபிஜி மட்டும் சாவியே இல்லை என்கிறது.

இன்னொரு தலைவலியை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் மறையாக்கத்தைக் கட்டாயமாக்கினேன். அன்று மாலையே சாயப்பட்டறைக்குப் போகவேண்டிய லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல் நின்றுவிட்டது. அவர்களிடம் சாவி ஏது? மெர்ச்சண்டைசர் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

சிறுவாணித்தண்ணி:
கோப்பு பைனரியாக இருக்கிறதா, எழுத்து வடிவிலா? பைனரிதான் வேண்டும். கோப்புப் பெயர், மெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னுள்ள பகுதியைச் சிறிய எழுத்தாக்கிக் கணக்கிட்ட 32 எழுத்துதானே? இரண்டும் சரியென்றால், உங்கள் டொமைனுக்கு முன்னால் வாய்க்கு வந்த ஒரு துணைப்பெயரைப் போட்டுத் திறந்து பாருங்கள்.

நொய்யல்கரை:
பைனரிதான், பெயரும் சரி. 'கத்தரிக்காய்' என்று போட்டேன் அண்ணா. சான்றிதழ் எச்சரிக்கை வந்தது, தாண்டினால் எங்கள் முகப்புப் பக்கம்!

சிறுவாணித்தண்ணி:
அதுதான் குற்றவாளி. ஜிஎன்யுபிஜி முதலில் 'ஓப்பன்பிஜிபிகீ' என்ற துணை டொமைன் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால்தான் நீங்கள் சாவி வைத்த இடத்துக்கு வரும். உங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பதிவேடு) எல்லாத் துணைப்பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரப் பதிவு இருப்பதால் எந்தப் பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறேன்' என்கிறது. ஜிஎன்யுபிஜி அங்கே போய்ச் சான்றிதழில் முட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறது. அந்தத் துணைப்பெயருக்கு மட்டும் வெற்று டிஎக்ஸ்டி (உரை) பதிவு ஒன்று டிஎன்எஸ்ஸில் போடுங்கள். நட்சத்திரம் அதைத் தொடாது, ஜிஎன்யுபிஜியும் சாவி இருக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

மஞ்சள்மண்டி:
இரண்டாவது சிக்கலுக்கு நான் சொல்கிறேன் தம்பி. கட்டாயத்தை எடுத்துவிட்டு, இயலும்போது தானாக மறையாக்கும் தேர்வை வையுங்கள். ஆனால் அதனுடன் இருக்கும் 'இயலாதபோது தானாக அணைத்துவிடு' என்பதை யோசிக்காமல் தொடாதீர்கள். சிசியில் சாவியில்லாத ஒருவரைச் சேர்த்தால் போதும், விலைப்பட்டியல் எல்லோருக்கும் திறந்தபடி போகும். விலை பேசும் கணக்கில் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். மெயில் நின்றால் நிற்கட்டும். டபிள்யூகேடியில் கிடைத்த சாவிக்கு அந்த டொமைன்தான் சாட்சி, ஆள் அல்ல. சாவியின் கைரேகை எண்ணை (அதன் அடையாள எண்) போனில் படித்து ஒப்பிட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று போலி மெயில் வரும் காலம் இது.

நொய்யல்கரை:
டிஎக்ஸ்டி பதிவு போட்டேன், மதியத்துக்குள் பையருக்குச் சாவி கிடைத்துவிட்டது. நாற்பது எழுத்தையும் போனில் படித்தோம். 'பி'யா 'டி'யா என்று இரண்டு முறை திரும்ப ஆரம்பித்தோம். விலைக் கணக்கில் மட்டும் கட்டாயம். இனி ஆடிட்டர் ஒருவர்தான் பாக்கி. அவருக்குச் சாவி என்றால் பீரோ சாவிதான்.