குளியலறையைப் பிரித்த பிறகு முளைத்த செலவுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பகிர்வைத் தொடங்கியவர்:

வீட்டில் இருந்த பழைய பாத்டப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷவர் அமைத்தோம். வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. டைல்ஸ், குழாய், கண்ணாடி என்று கண்ணுக்குத் தெரிகிற எதுவும் சொன்ன விலையைத் தாண்டவில்லை. கூடுதலாகப் போனதெல்லாம் சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும்தான்.

எஸ்டிமேட் கேட்டு மூன்று பேரை அழைத்திருந்தோம். இரண்டு பேர் டேப் பிடித்துச் சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் டப்பின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். வேஸ்ட் பைப்பின் விட்டத்தை அளந்தார். அவர் சொன்ன தொகைதான் மூன்றிலும் அதிகம். ஆனால் அந்தத் தாளில் மற்ற இரண்டிலும் இல்லாத வரிகள் இருந்தன. டப்புக்குப் போட்டிருந்த பைப் 40 மில்லிமீட்டர், ஷவருக்கு 50 வேண்டும், அதற்குத் தரையை உடைக்க வேண்டும் என்பது முதல் வரி. டப்பில் தண்ணீர் தேங்கி மெதுவாக இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஷவரில் விழுகிற வேகத்திலேயே தண்ணீர் வெளியேறியாக வேண்டும், இல்லாவிட்டால் காலடியில் குளமாக நிற்கும்.

அடுத்தது வாட்டம். ஒரு மீட்டருக்கு 20 மில்லிமீட்டராவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் சல்லடையை நோக்கி ஓடும். படி இல்லாமல் தரை மட்டத்திலேயே ஷவர் வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். அந்தச் சரிவுக்கும், நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கிற ட்ராப்புக்கும் சேர்த்துக் கீழே ஆழம் போதாது, மீதித் தரையை உயர்த்த வேண்டிவரும், உயர்த்தினால் கதவையும் அறுக்க வேண்டும் என்று விளக்கினார். சின்ன விளிம்பு ஒன்று கட்டிக்கொள்ளச் சம்மதித்தோம். அந்த ஒரு முடிவில் மிச்சமான பணம் வாட்டர் ப்ரூஃபிங்குக்கு உதவியது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் கடைசியில் எழுதியிருந்த பகுதி. "சுவரைப் பிரித்த பிறகு உள்ளே இரும்புக் குழாய் இருந்தால், மாற்ற அடிக்கு இவ்வளவு. பூச்சு உதிர்ந்திருந்தால் மறுபூச்சுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு." உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் இருந்தால் என்ன விலை என்பதை முன்பே பேசி முடித்துவிட்டார். பிரித்தபோது இரும்புக் குழாய்தான் இருந்தது, பாதி துருப்பிடித்து. அதற்காக யாரும் யாரோடும் வாதாட வேண்டியிருக்கவில்லை. முடிவில் கொடுத்த தொகை, அந்த வரிகளையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய எஸ்டிமேட்டை ஒட்டியே வந்தது.

உங்கள் வீடுகளில் எது எப்படி நடந்தது என்று எழுதுங்கள். அடுத்து வேலை தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

பிளம்பிங் வேலை செய்பவர்:

நல்ல தொடக்கம். நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். பெரிய மழை ஷவர் ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருப்பார்கள். மாட்டித் திறந்தால் நூல் நூலாக ஒழுகும். பிறகுதான் பிரஷர் பம்ப் வாங்குகிற பேச்சு வரும். பம்ப், அதற்கான மின் இணைப்பு, அது நிற்க இடம் என்று எல்லாமே திட்டத்தில் இல்லாத செலவு.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டி உங்கள் ஷவருக்கு மேலே 3 மீட்டரில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும், அதிலும் வளைவுகளில் கொஞ்சம் போய்விடும். ஷவர் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், வாங்கும் முன் அதைப் படியுங்கள். வீட்டில் இருப்பதை அறிய ஒரு பக்கெட்டும் கடிகாரமும் போதும். இப்போது இருக்கிற ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று பாருங்கள். எட்டு, பத்து லிட்டர் வந்தால் சாதாரண ஷவருக்குப் போதும். அகலமான மழை ஷவர் சில 20 லிட்டர் வரை கேட்கும்.

அடுத்தது சுவருக்குள் புதைக்கிற டைவர்ட்டர், அதாவது தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ மாற்றிவிடுகிற வால்வு. அதன் உடம்பில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடு போட்டிருப்பார்கள். டைல்ஸ் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வந்தாக வேண்டும். டைல்ஸ் எது என்று முடிவாகாமல் காடி எடுத்துப் புதைத்துவிட்டால், பிறகு தடிமனான டைல்ஸ் தேர்ந்தெடுக்கும்போது கைப்பிடி எட்டாது. போட்ட டைல்ஸை உடைக்க வேண்டிவரலாம். ஆகவே டைல்ஸ் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் டைவர்ட்டரைப் புதைக்கச் சொல்ல வேண்டும். அதற்குள் தண்ணீரைத் திறந்து மூடுகிற பாகமான கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து அது தேய்ந்து போகும், கிடைக்கவில்லை என்றால் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

இன்னொன்று. குழாய் போட்டு முடித்ததும், பூசும் முன், தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதே டேப்பை விரித்து வைத்துச் சுவரைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடிக்கோ கைப்பிடிக்கோ ஓட்டை போடும்போது குழாயில் துளை விழாமல் அந்தப் படம்தான் காப்பாற்றும்.

அடுக்குமாடியில் வசிப்பவர்:

எங்கள் அனுபவம் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனையைப் பற்றியது. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இதை நேர விரயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

டைல்ஸ் போட்டுவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். டைல்ஸ் தண்ணீரை விடாது, சரி. ஆனால் டைல்ஸுக்கு நடுவில் இடுக்கை அடைக்கிற சிமென்ட் கிரவுட் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தைத் தடுப்பது டைல்ஸுக்குக் கீழே இருக்கிற வாட்டர் ப்ரூஃப் பூச்சு மட்டுமே. தரை முழுக்கப் பூசி, சுவர் ஓரங்களில் மேலே ஏற்ற வேண்டும். ஷவர் தண்ணீர் அடிக்கிற சுவரில் ஆள் உயரத்துக்குப் போக வேண்டும். முதல் கோட் காய்ந்த பிறகு குறுக்கு வாட்டில் இரண்டாவது கோட். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் "வாட்டர் ப்ரூஃபிங்" என்ற ஒரே சொல்தான் இருந்தது. எவ்வளவு உயரம், எத்தனை கோட், எந்தப் பொருள் என்று கேட்டு எழுதி வாங்கினோம்.

பூச்சு காய்ந்ததும் சல்லடை வாயை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவைத்தோம். 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மறுநாள் பார்த்தால் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. கீழ் வீட்டுக்காரர் அனுமதியோடு அவர்கள் கூரையைப் பார்த்தோம், ஒரு மூலையில் ஓதம் படர்ந்திருந்தது. தேடியதில் வேஸ்ட் பைப் தளத்தைத் துளைத்து இறங்குகிற இடத்தில், பைப்பைச் சுற்றி மெல்லிய இடைவெளி. கசிவு பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில்தான் வரும் என்று கொத்தனார் சொன்னார். சுற்றிலும் கொத்தி எடுத்து, சுருங்காத கலவை அடைத்து, பட்டைத் துணி வைத்து மறுபடி பூசினார்கள். திரும்பவும் தண்ணீர் நிறுத்தியபோது மட்டம் அசையவில்லை.

இதே ஓட்டை டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்திருந்தால் எங்கள் தரையையும் உடைத்து, கீழ் வீட்டுக் கூரைக்கும் பூச்சும் பெயின்ட்டும் செய்து கொடுத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்து மனக்கசப்பு வேறு.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வேறு சிலவற்றையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். எந்த நேரத்தில் உடைக்கலாம், லிஃப்ட்டில் இடிபாடுகளை ஏற்றலாமா, முன்பணம் கட்ட வேண்டுமா, தண்ணீர் வால்வை யார் மூடுவார்கள். லிஃப்ட் கிடையாது என்றால் மூட்டைகளை இறக்குகிற கூலியே தனியாக ஒரு தொகை.

புதிதாக டப் வைத்தவர்:

நாங்கள் எதிர்த் திசையில் போனோம், ஷவரை எடுத்துவிட்டு டப். டப் வாங்குவதற்கு முன் உட்கார்ந்து போட்ட இரண்டு கணக்குகளை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது வெந்நீர். எங்கள் டப்பில் 180 லிட்டர் பிடிக்கும். குளிக்க 40 டிகிரி வேண்டும், குழாய்த் தண்ணீர் 20 டிகிரி, ஹீட்டரில் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சரிபாதி, அதாவது 90 லிட்டர் வெந்நீர் வேண்டும். இருந்த ஹீட்டர் 25 லிட்டர். அதிலும் வெந்நீர் போகப் போகக் குளிர்ந்த நீர் உள்ளே கலந்துகொண்டே இருக்கும், கடைசிவரை 60 டிகிரி வராது. ஆக டப்பின் விலையோடு பெரிய ஹீட்டரையும் சேர்த்தே பட்ஜெட் போட்டோம். ஹீட்டர் பெரிதானால் அதைத் தாங்கும் சுவர், அதற்கேற்ற மின்கம்பி என்று சங்கிலி நீள்கிறது.

இரண்டாவது எடை. வார்ப்பிரும்பு டப் வெறுமனே 100 கிலோவைத் தாண்டும். 180 லிட்டர் தண்ணீர் 180 கிலோ. உள்ளே ஒரு ஆள். எல்லாம் சேர்ந்து 350 கிலோவுக்கு மேல், அதுவும் ஒன்றேகால் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில். வீட்டுத் தளங்களைப் பல நாடுகளில் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். அந்தப் பாரம் அறை முழுக்கப் பரவியிருப்பதாக வைத்துப் போடும் கணக்கு என்பதால், டப் வைத்ததும் தளம் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மரத்தளம், பழைய கட்டடம் என்றால் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுவது அவசியம். அவருக்குக் கொடுத்த கட்டணத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு அக்ரிலிக் டப்புக்கு மாறினோம், எடையில் பெரிய மிச்சம்.

டப் உங்கள் வாசலிலும் மாடிப்படித் திருப்பத்திலும் நுழையுமா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி பொருத்தும் வேலையில் இருப்பவர்:

சுருக்கமாக. ஷவர் கண்ணாடியை டைல்ஸ் வேலை முழுக்க முடிந்த பிறகே அளக்க விடுங்கள். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடியை அதற்கு மேல் வெட்டவோ துளையிடவோ முடியாது, செய்தால் பொடிப்பொடியாகிவிடும். வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, சுவர் அரை அங்குலம் சாய்ந்திருந்தால் அந்தக் கண்ணாடி வீண். 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. கதவைத் தாங்குகிற கீல் விழும் இடத்தில் சுவர் திடமாக இருக்கிறதா என்று டைல்ஸ் ஒட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அம்மாவுக்காக மாற்றியவர்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, டப்பின் விளிம்பைத் தாண்ட முடியாமல்தான் ஷவராக மாற்றினோம். பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்பது முதலிலேயே தெரியும். எங்கள் சுவர் செங்கல் இல்லை, பலகைச் சுவர். அதில் வெறும் திருகு ஆளின் எடையைத் தாங்காது. சுவர் திறந்திருந்தபோதே உள்ளே குறுக்காகக் கனமான ப்ளைவுட் வைத்து மூடச் சொன்னோம். அப்போது அது மிகச் சின்னச் செலவு. வீட்டில் இன்று யாருக்கும் தேவையில்லை என்றாலும் அந்தப் பலகையை வைத்துவிடுங்கள். வயதாவது எல்லோருக்கும் உண்டு.

கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர்:

என் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன். மொத்தத் தொகை என்று ஒரு வரியில் யார் எழுதிக் கொடுத்தாலும், அதில் எது இல்லை என்று கேளுங்கள். பழைய டப்பை உடைத்து வெளியேற்றுவது, இடிபாடு அள்ளுவது, கோணல் சுவரை மட்டமாக்குவது, பக்கத்து அறைச் சுவரில் பட்ட சேதத்துக்குப் பெயின்ட், எக்சாஸ்ட் ஃபேன், எர்த்திங். இவை பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். கோணல் சுவரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய அளவு டைல்ஸ் வந்த பிறகு இது பெரிய செலவாகிவிட்டது. சின்ன டைல்ஸ் சுவரின் வளைவோடு போய்விடும், 600க்கு 1200 மில்லிமீட்டர் டைல்ஸ் போகாது. முதலில் சுவர் முழுக்க மட்டம் பிடித்துப் பூச வேண்டும்.

டைல்ஸை 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். சாய்வாகப் பதிக்கிற டிசைன் என்றால் 15. பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் நிறம் ஒத்துப் போகாது.

வேலை நடக்கும்போது வாய்ப்பேச்சில் எதையும் மாற்றாதீர்கள். "இதையும் சேர்த்துச் செய்துவிடலாமே" என்ற பேச்சு எழும்போது, அதற்கு எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று இரண்டையும் எழுதி வாங்கிய பிறகு சரி சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்கிற யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், தண்ணீர் சோதனை முடிகிற வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். பழைய வீடு என்றால் மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் உடைக்கத் தொடங்க வேண்டும். பழைய வீடுகளில் தரையில் ஒட்டிய வினைல் விரிப்பிலும் அதன் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் உடைக்கும் முன் பரிசோதனைக்குக் கொடுங்கள், தூசி பறந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை.

பகிர்வைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. பிளம்பர் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். நண்பர் வீட்டில் டப் ஓரத்தில் அடித்த சிலிக்கான் சில மாதத்திலேயே பிளந்து, சுவரில் ஈரம் ஊறிவிட்டது. இது ஏன்?

பிளம்பிங் வேலை செய்பவர்:

டப் காலியாக இருக்கும்போது சிலிக்கான் அடித்திருப்பார்கள். தண்ணீர் நிரம்பினால் டப் எடையில் ஒரு நூல் கீழே அமுங்கும், அப்போது சிலிக்கான் இழுபட்டுப் பிளந்துவிடும். பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, இடத்தை நன்றாகக் காயவிடச் சொல்லுங்கள். பிறகு டப்பில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். சிலிக்கான் இறுகுகிற வரை, குறைந்தது ஒரு நாளாவது, தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. அந்த மூலையில் கிரவுட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், அசைகிற இடத்தில் கிரவுட் நிற்காது. டப்பின் கால்கள் எல்லாம் தரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கப் பலகையைத் திறந்து பார்க்கவும் சொல்லுங்கள். ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தால் எத்தனை முறை சிலிக்கான் அடித்தாலும் பிளக்கத்தான் செய்யும்.