கோடை லீவில் 2ஆம் வகுப்புப் பையனையும் 4ஆம் வகுப்புப் பெண்ணையும் வீட்டில் என்ன செய்ய வைக்கலாம்?

மாடிவீட்டு_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் நாலாவது முடித்திருக்கிறாள், மகன் இரண்டாவது. லீவு விட்டதிலிருந்து எழுந்ததும் டிவி, அப்புறம் போன், அதை வாங்கி வைத்தால் இரண்டு பேருக்கும் சண்டை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், மதியம் வரை மீட்டிங். மாமியார் கூட இருக்கிறார், ஆனால் மூட்டுவலி, பிள்ளைகள் பின்னால் ஓட முடியாது. சம்மர் கேம்ப் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒர்க்‌ஷீட் கொடுத்தால் மகள் சட்டென்று முடித்துவிட்டு அடுத்து என்ன என்கிறாள், மகன் பென்சிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாசிப்பும் வாய்ப்பாடும் மறக்காமல் இருந்தால் எனக்குப் போதும். அதைவிடப் பெரிய கவலை, மகன் கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் அழுகிறான், ராத்திரி தூங்கப் பதினொன்றாகிறது. சென்னையில் ஃப்ளாட், மொட்டை மாடி உண்டு, தெருவில் விளையாட இடமில்லை. செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்கள்.

புளியங்கொட்டை:
மாமியார் இருக்கிறார் என்கிறீர்களே, உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் சாக்பீஸால் தரையில் ஏழு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போடுங்கள், வட்டத்துக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. கொட்டையை எண்ணிப் போடும் வேலையைப் பையனிடம் விட்டுவிடுங்கள், ஐந்தாம் வாய்ப்பாடு அதிலேயே வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் பழகியதும் எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கையை வைக்காமல் கண்ணாலேயே எண்ணுவார்கள், உதடு மட்டும் அசையும். மனக்கணக்குக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

மகளுக்குத் தாயக்கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, நாலாவது பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. நூறு தடவை உருட்டி எந்த எண் எத்தனை முறை விழுகிறது என்று நோட்டில் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றுதான் முன்னால் நிற்கும், ஆறும் பன்னிரண்டும் அத்திபூத்தாற்போல வரும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு கட்டையும் சேர்ந்து விழக்கூடிய விதம் 16, அதில் மூன்று வருவது 4 விதம், பன்னிரண்டு வருவது ஒரே விதம். எழுதிப் பார்த்து அவளே கண்டுபிடிக்கட்டும், அந்த வயதுக்கு முடியும்.

சாக்பீஸ்_டீச்சர்:
தொடக்கப்பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து பாட்டு, கதை, கையால் செய்வது என்றுதான் எங்கள் வகுப்பே நடக்கிறது, அதனால் ஒர்க்‌ஷீட்டை உங்கள் மகன் வெறுப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவனுக்கு எழுத ஒரு காரணம் வேண்டும். மளிகை லிஸ்ட் அவன் எழுதட்டும். ‘பருபு’ என்று எழுதினாலும் திருத்தாதீர்கள், அந்தச் சீட்டோடு கடைக்குக் கூட்டிப்போங்கள். பாக்கெட்டில் ‘பருப்பு’ என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து அவனே அந்தப் புள்ளி வைத்த எழுத்தைச் சேர்ப்பான். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டும் வேலையும் அவனுடையதே. சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது எல்லாம் விரலுக்கு வலு தரும், பென்சில் பிடிக்க அதுதான் முதலில் வேண்டும். வாசிப்புக்கு, பாட்டிக்கு தினமும் ஒரு கதை சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், பாட்டி குறுக்கே கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

மாடி இருப்பதால் ஒன்று கட்டாயம் செய்யுங்கள். ஒரு குச்சியை மண் தொட்டியில் நேராக நட்டு, காலை, நடுப்பகல், மாலை என்று நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அன்று நடுப்பகலில் நிழலே விழாது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. இதை மகள் நோட்டில் வரைந்து தேதி போட்டு வைத்தால் ஆகஸ்ட் வரைக்கும் வேலை இருக்கிறது. நடுப்பகலில் செருப்பும் தொப்பியும் போட்டுப் போய்க் குறித்துவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும், வெயில் விளையாட்டில்லை.

இரவுக்கதை:
மேலே சொன்னதெல்லாம் நல்ல யோசனை, ஆனால் நான் முதலில் தூக்கத்தைத்தான் சரிசெய்வேன். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பதினொன்றுக்குப் படுத்து ஏழுக்கு எழுந்தால் எட்டுதான், தூக்கம் போதாத பிள்ளை தொட்டதற்கெல்லாம் அழத்தான் செய்யும். ஒரேயடியாக ஒன்பதுக்குப் படு என்றால் நடக்காது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். படுக்கும் அறையில் போன் வேண்டாம், பெரியவர்களுடையதும்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெயில் தாழ்ந்ததும் மாடியில் நொண்டி, கயிறு தாண்டுதல், தொட்டுப் பிடித்து விளையாடட்டும். பிள்ளைகள் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

அழும்போது ‘ஏன் அழுகிறாய்’ என்று கேட்டால் பதில் வராது. விளக்கை அணைத்தபிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு ‘இன்றைக்கு எனக்கு இது பிடித்தது, இது கஷ்டமாக இருந்தது’ என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். சில நாள் ஒன்றும் சொல்ல மாட்டான், திடீரென்று ஒருநாள் எல்லாம் கொட்டுவான். தூக்கம் சரியான பிறகும் அழுகை நிற்கவில்லை, சாப்பாடு குறைகிறது, பள்ளிப் பேச்சை எடுத்தாலே பயப்படுகிறான் என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, நாள் முழுக்க டைம்டேபிள் போட வேண்டாம். ‘போர் அடிக்கிறது’ என்று வந்து நின்றால் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள்.

மாடிவீட்டு_அம்மா:
ரொம்ப நன்றி. தூக்கக் கணக்கைப் பார்த்ததும் எனக்கே பகீரென்றது, இன்றிரவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பல்லாங்குழியில் ஒரு சந்தேகம், அக்கா ஜெயித்தால் தம்பி கொட்டையை எல்லாம் வாரி இறைத்துவிடுவானே, என்ன செய்வது?

புளியங்கொட்டை:
அக்காவையும் தம்பியையும் ஒரே கட்சியில் போடுங்கள், எதிர்க்கட்சி பாட்டி. எந்தக் குழியில் எடுப்பது என்று இருவரும் காதோடு காதாகப் பேசி முடிவெடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒரு வாரம் இப்படி ஆடிவிட்டு அப்புறம் தனித்தனியாக ஆட விடலாம்.