யோவான் 1:12-ன்படி கருவிலிருக்கும் சிசு தேவனுடைய பிள்ளையா?

பெரோயா:
வாலிபர் வேதபாடத்தில் அடுத்த தலைப்பு கருக்கலைப்பு. "கருவில் இருப்பது தேவனுடைய பிள்ளை, ஆகவே அழிக்கக்கூடாது" என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறோம். ஆனால் யோவான் 1:12 கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களுக்கே தேவனுடைய பிள்ளைகளாகும் அதிகாரம் கொடுக்கப்பட்டது என்கிறது. எபேசியர் 2:3 நம்மைச் சுபாவத்தினாலே கோபாக்கினையின் பிள்ளைகள் என்கிறது. விசுவாசிக்க இயலாத சிசு எப்படித் தேவனுடைய பிள்ளையாகும்? ஆகாதென்றால் கருக்கலைப்புக்கு எதிரான வாதமே விழுந்துவிடுமா? அப்போஸ்தலர் 17:28-ஐ வைத்து எல்லாரும் பிள்ளைகளே என்றால், மறுபிறப்பு எதற்கு என்று கேட்பார்கள். வசனங்களை எந்த வரிசையில் எடுப்பது?

ஒலிவமரம்:
விழாது பிரதர். அந்த வாதத்தைத் தவறான அஸ்திபாரத்தில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உயிரைக் காக்கும் கட்டளை படைப்பிலிருந்து வருகிறது. பிள்ளை என்னும் உறவு மீட்பிலிருந்து வருகிறது. ஆதியாகமம் 9:6-ல் மனித இரத்தம் சிந்தக்கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் தேவசாயல் மட்டுமே. அது வீழ்ச்சிக்குப் பிறகு, ஜலப்பிரளயத்துக்கும் பிறகு, மனுக்குலம் முழுவதற்கும் சொல்லப்பட்டது. விசுவாசி, அவிசுவாசி என்ற பேச்சே அங்கு இல்லை. யாக்கோபு 3:9 அதே காரணத்தைச் சொல்லி, மனுஷரைச் சபிப்பதையே கண்டிக்கிறது. பாதுகாப்பைப் பிள்ளை உறவோடு கட்டினால், இரட்சிக்கப்படாத பெரியவர்களின் உயிருக்கும் காவல் இல்லாமல் போய்விடும். அதை யாரும் ஏற்கமாட்டோம்.

வரிசை: முதலில் ஆதியாகமம் 1:26-27, அடுத்து 9:6, பிறகு யாக்கோபு 3:9. அதன்பின்தான் கருவிலிருப்பவரும் இதில் அடக்கமா என்ற கேள்வி. எரேமியா 1:5-ல் அதிகம் சாயாதீர்கள். "உருவாக்குமுன்னே அறிந்தேன்" என்பது தேவனுடைய முன்னறிவையும் தீர்க்கதரிசி அழைப்பையும் பற்றியது. அதை உயிரின் தொடக்கத்துக்கு ஆதாரமாக்கினால் கருத்தரிப்புக்கும் முன்னால் போய் நிற்கும். லூக்கா 1:41 அருமையான வசனம்தான். ஆனால் அப்போது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் (1:36), ஆகையால் முதல் வாரங்களைப் பற்றிய கேள்வியை அது தனியாகத் தீர்க்காது. சங்கீதம் 139:13-16 நல்ல துணை. என் பார்வையில் எல்லாவற்றிலும் பலமானது சங்கீதம் 51:5. தாய் கர்ப்பந்தரித்த நேரத்திலேயே தாவீது தன்னைப் பாவியாகப் பார்க்கிறார். ஒரு ஆள் அல்லாததற்குப் பாவசுபாவம் எப்படி இருக்கும்? நீங்கள் பயந்த எபேசியர் 2:3-ம் இப்படித்தான். "இன்னும் பிள்ளையாகவில்லை" என்று ஒருவரைப் பற்றிச் சொல்ல, முதலில் அங்கே ஒருவர் இருக்கவேண்டும்.

அப்போஸ்தலர் 17-ஐ 28-ல் நிறுத்தாமல் 30 வரை வாசியுங்கள். "நாம் அவருடைய சந்ததியார்" என்று சொன்ன கையோடு, எல்லாரும் மனந்திரும்பவேண்டும் என்கிறார் பவுல். படைப்பினால் சந்ததி, சுவிகாரத்தினால் புத்திரர் (ரோமர் 8:15, கலாத்தியர் 4:5).

மறைக்கல்வி ஆசிரியர்:
கத்தோலிக்கப் போதனையும் இந்த இரண்டையும் பிரித்தே வைக்கிறது. இறைவனின் பிள்ளையாவது திருமுழுக்கினால். ஆனால் கருவுற்ற நொடி முதல் உயிர் காக்கப்படவேண்டும் என்ற மறைக்கல்வி நூலின் எண் 2270, மனித ஆளின் உரிமையைக் காட்டுகிறது, திருமுழுக்கை அல்ல.

வகுப்பில் ஒருவராவது "பழைய திருச்சபை 40 நாள் வரை அனுமதித்ததே" என்பார். அது தவறு. அந்த 40 நாள் பேச்சின் அடிப்படை, மனித வடிவம் பெற்று உருவான கரு, உருவாகாத கரு என்ற பிரிவு. அது விடுதலைப் பயணம் 21:22-23-ன் பழைய கிரேக்க வடிவத்திலிருந்தும் அரிஸ்டாட்டிலிடமிருந்தும் வந்தது. புனித அகுஸ்தீனிடமும் அது உண்டு. ஆனால் அது பாவத்தின் வகையையும் தண்டனையையும் பற்றிய பிரிவு. உருவாகாத கருவைக் கலைப்பதும் கனமான பாவமாகவே இருந்தது. முதல் நூற்றாண்டுகளின் திருச்சபைக் கையேடான திதாக்கேயிலேயே தடை இருக்கிறது. 314-ல் அன்சீராவில் கூடிய ஆயர்களின் சங்கம், சாகும்வரை விலக்கி வைக்கும் பழைய விதியைத் தளர்த்திப் பத்தாண்டு தவமாக்கியது. தண்டனையில் அந்தப் பிரிவை 1588-ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் நீக்கினார், 1591-ல் பதினான்காம் கிரகோரி திரும்பக் கொண்டுவந்தார், 1869-ல் ஒன்பதாம் பத்திநாதர் மறுபடி நீக்கினார். மாறியது தண்டனைச் சட்டம்.

கருக்குழாயில் தங்கிய கருவை இந்த விவாதத்தோடு கலக்காதீர்கள். குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டித் தாயின் உயிருக்கே ஆபத்து. பாதிக்கப்பட்ட குழாயை அகற்றுவதைக் கத்தோலிக்க ஒழுக்கவியலார் பொதுவாக ஏற்கிறார்கள். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைப் பற்றித்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு.

பெரோயா:
இருவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: சிசுக்கள் பரலோகம் போகுமென்றால், கலைப்பதில் அந்தச் சிசுவுக்கு என்ன நஷ்டம்?

நிக்கொதேமு இரவு:
ரோமர் 3:8-ல் பதில் இருக்கிறது. நன்மை வரும்படி தீமை செய்வோம் என்பவர்களைப் பவுல் நேராகக் கண்டிக்கிறார். அந்த வாதம் செல்லுமென்றால் தொட்டில் குழந்தைக்கும் செல்லும். சிசுவின் முடிவு தேவனுடைய கையில் இருக்கிறது என்பது நமக்கு உயிரெடுக்கும் உரிமை ஆகாது.

விசுவாசிக்க முடியாத சிசு பிள்ளையாக முடியுமா என்ற முதல் கேள்விக்கும் யோவானிலேயே வழி இருக்கிறது. 12-ல் நிறுத்தாதீர்கள். 13-ம் வசனம் அந்தப் பிறப்பு மாம்ச சித்தத்தினால் அல்ல, தேவனால் என்கிறது. யோவான் ஸ்நானன் தாயின் வயிற்றிலேயே ஆவியால் நிரப்பப்பட்டான் (லூக்கா 1:15). ஆகவே தேவன் விரும்பினால் பேசத் தெரியாதவரையும் பிள்ளையாக்கலாம். ஆனால் எல்லாச் சிசுக்களும் பிறப்பினாலேயே பிள்ளைகள் என்று இதிலிருந்து சொல்லமுடியாது. சீர்திருத்த சபைகளின் தோர்த் தீர்மானங்கள் (1618-19), சிசுப்பருவத்திலே இறந்த தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைப் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகிக்கவேண்டாம் என்கின்றன. கத்தோலிக்கரின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-ல் திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு "நம்பிக்கை உண்டு" என்ற அளவில் பேசியது.

இதை வகுப்பில் வாதத்துக்காக எடுக்காதீர்கள். கரு கலைந்துபோன தாய்மார் கேட்டுக்கொண்டிருக்கலாம். கருக்கலைப்புச் செய்துகொண்டவர்களும் இருக்கலாம். யாரையும் கைதூக்கவோ சாட்சி சொல்லவோ கேட்கவேண்டாம், "கொலைகாரி" என்ற சொல் அறைக்குள் வரவே வேண்டாம். சங்கீதம் 51-ஐ எடுக்கத்தான் போகிறீர்கள். 5-ம் வசனத்தோடு மூடாமல் 14 வரை வாசியுங்கள். இரத்தப்பழியிலிருந்து விடுவிக்கும்படி தாவீது அங்கே கேட்கிறார். அதோடு 1 யோவான் 1:9. தனியாகப் பேச விரும்புகிறவர்கள் யாரிடம் போகலாம் என்பதை, முடிந்தால் ஒரு சகோதரியின் பெயரையே, வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவில் சொன்னால், எழுந்து போகிறவர்மேல் எல்லார் கண்ணும் விழும்.