பேண்ட்கேப் ரெஃபரன்ஸ்: மேற்கோளா, உரைகல்லா, ஆணியா?

நண்பர்களுக்கு வணக்கம். சூடு ஏறினாலும் இறங்கினாலும் மாறாத ஒரு மின்னழுத்தத்தைத் தரும் சில்லுச் சுற்றுக்கு 'பேண்ட்கேப் ரெஃபரன்ஸ்' என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறேன். ஒரு நண்பர் இப்படிக் கேட்டார்:

> 'பட்டை இடைவெளி மேற்கோள்' என்றே போட்டுவிடலாமே. நேரடியாக இருக்கிறது.

போட்டுவிடலாம்தான். ஆனால் மேற்கோள் என்றதும் கட்டுரையில் அடுத்தவர் சொன்னதை எடுத்துப் போடுவதுதான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சுற்று யாரையும் எடுத்துச் சொல்வதில்லை. 'நான் 1.2 வோல்ட், என்னை வைத்து மற்றதை அள' என்று நிற்கிறது. சொல் அதைக் காட்ட வேண்டாமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மொட்டைமாடி சோலார் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் கட்டுப்பாட்டுச் சுற்று செய்தேன். சிக்கனம் பார்த்து, ஒரு சிவப்பு எல்.இ.டி.யின் 1.8 வோல்ட்டையே அளவுகோலாக வைத்தேன். ஏசி அறையில் மேசைமேல் 14.4 வோல்ட்டில் கச்சிதமாக நின்றது. சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், 13.9-இலேயே 'நிரம்பிவிட்டது' என்று கையை விரித்தது. கணக்குப் போட்டால் காரணம் தெரிந்தது. எல்.இ.டி.யின் அழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். 30 டிகிரி சூடு ஏறினால் 60 மில்லிவோல்ட் காலி. பேட்டரி அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் அதோடு ஒப்பிட்டேன், ஆகவே பேட்டரியில் அது ஏறக்குறைய அரை வோல்ட். அளவுகோலே வெயிலில் சுருங்கினால் அளந்தது எப்படிச் சரியாக இருக்கும்?

இந்தச் சிக்கலுக்குத்தான் 1964-இல் டேவிட் ஹில்பைபர் ஒரு வழி காட்டினார். 1971-இல் நேஷனல் செமிகண்டக்டரின் பாப் விட்லர் அதைச் சில்லுக்குள் நடைமுறையில் ஓடும் சுற்றாக்கினார். 1974-இல் அனலாக் டிவைசஸின் பால் ப்ரோகா இரண்டே டிரான்சிஸ்டரை நடுவில் வைத்து அதை அழகாக்கினார். அதுவரை துல்லியம் வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில் நிற்கும் ஜீனர் டையோடுதான். நல்ல ஜீனருக்கு ஆறேழு வோல்ட் தேவை. 5 வோல்ட் சுற்றில் அது செல்லாது.

வேலை செய்யும் விதம் எளிது. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் அழுத்தம் சுமார் 0.65 வோல்ட், சூடேறினால் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். இது இறங்குமுகம். ஒன்றைப்போல் எட்டு மடங்கு பரப்புள்ள இன்னொரு டிரான்சிஸ்டரில் அதே மின்னோட்டத்தை விட்டால், இரண்டின் பேஸ்-எமிட்டர் அழுத்தங்களுக்கும் இடையே அறை வெப்பத்தில் 54 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் சூடேற ஏறும், டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட். இது ஏறுமுகம். அதைச் சுமார் 11 மடங்காக்கி முதலாவதோடு கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது 1.25-ஐ ஒட்டிய, வெயிலுக்கு அசையாத அழுத்தம்.

எல்.எம்.317 என்ற அழுத்தச் சீராக்கிச் சில்லை வைத்துப் பவர் சப்ளை செய்யாத மாணவர் உண்டா? அதன் அவுட்புட் அழுத்தச் சூத்திரத்தில் வரும் 1.25 எங்கிருந்து வந்தது என்று எனக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், அதே எண் நிற்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'குறிப்பு மின்னழுத்தம்' வலுவில்லை. குறிப்பு என்றால் ஜாடை. 'நிலை மின்னழுத்தம்' பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வேறொன்றுக்குப் போய்விட்டது. 'கட்டளை' நல்ல பழஞ்சொல், கட்டளைக்கல் குறளிலேயே இருக்கிறது. ஆனால் கணினி வந்த பிறகு கட்டளை என்றால் ஏவல்தான். எனக்குப் பிடித்தது உரைகல். அதோடு, பெயரில் 'பட்டை' வேண்டாம் என்பதும் என் கட்சி. பட்டை என்றால் ஒருவருக்கு பிரியாணி, ஒருவருக்குத் திருநீறு, இன்னொருவருக்குச் சாராயம்.

*

தம்பிக்கு,

நான் தமிழ் வாத்தியார். உங்கள் ஏறுமுகம், இறங்குமுகம் இரண்டும் படித்ததுமே புரிந்தன. ஆனால் உரைகல்லில் ஒரு பிழை இருக்கிறது. தட்டான் பொன்னைக் கல்லில் உரைப்பார். கல் வெறும் கறுப்புப் பலகை, அதற்குப் பொன்னின் மாற்று, அதாவது தரம், தெரியாது. பக்கத்தில், மாற்று முன்பே தெரிந்த ஓர் ஊசியையும் உரைத்து, இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். அந்த ஊசிதான் அளவு. அதற்கு உரையாணி என்று பெயர். ஆணி என்பதற்கே அந்தப் பொருள் உண்டு. பெரியாழ்வார் கண்ணனுக்குக் கட்டிய தொட்டில் 'ஆணிப்பொன்'னால் செய்ததுதானே. நீங்கள் சொல்லும் சாமான் கல்லா, ஆணியா?

*

நான் சில்லு வடிவமைப்பவன். ஐயா சொன்னது அப்படியே பொருந்துகிறது. சில்லுக்குள் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ஒப்பிடும் சுற்று உரைகல்; எதனோடு ஒப்பிடுகிறோமோ அது உரையாணி. பல ஃபோன் சார்ஜர்களுக்குள் இருக்கும் டி.எல்.431 என்ற சில்லில் இரண்டையும் ஒரே உறைக்குள் மூன்று காலோடு பார்க்கலாம். வெறும் 'ஆணி' என்று மட்டும் வைக்காதீர்கள், என் அலுவலகத்தில் சிரித்துவிடுவார்கள். அங்கே நாங்கள் நாள் முழுக்கப் பிடுங்குவது அதைத்தான்.

ஆனால் 'பட்டை' வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

> பெயரில் 'பட்டை' வேண்டாம் என்பதும் என் கட்சி.

அந்த 1.2 தற்செயலாக வந்ததல்ல. சிலிக்கனில் எலக்ட்ரான் இருக்கவே முடியாத ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு, அதுதான் பேண்ட்கேப். அதை அறை வெப்பத்தில் அளந்தால் 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தனிச்சுழி வெப்பநிலைவரை (மைனஸ் 273 டிகிரி) நீட்டிப் பார்த்தால் 1.2-ஐ ஒட்டி வரும். ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரி ஆகும் இடத்தில் சுற்று ஏறக்குறைய அந்த எண்ணில்தான் வந்து நிற்கிறது. இதையே ஜெர்மானியத்தில் செய்தால் 0.7 பக்கம் போய்விடும். அதாவது இந்த ஆணி எந்த உலோகத்தில் அடித்தது என்பதைப் பெயர் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் ஜீனர் ஆணிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

*

இரண்டு பேருக்கும் நன்றி. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை.

ஜெர்மானியக் கணக்கு என் வாயை அடைத்துவிட்டது. பட்டையை மட்டும் விட்டுவிட்டு இடைவெளியை வைத்துக்கொள்கிறேன். பாடநூலிலும் 'விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி' என்றுதான் இருக்கிறது. ஆக, பொதுப்பெயர் உரையாணி. அது தரும் அழுத்தம் உரையாணி அழுத்தம். நம் சுற்று இடைவெளி உரையாணி, பழையது ஜீனர் உரையாணி. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'பேட்டரி இறங்கினாலும் உரையாணி அசையவில்லை.' வாயில் நிற்கிறது. 'மேற்கோள் அசையவில்லை' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று மிச்சம். சில்லு வார்த்து வந்ததும் எதுவும் சரியாக 1.2-இல் நிற்பதில்லை. மின்தடையை லேசரால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். டிரிம்மிங் என்கிறோம். 'சீர்செய்தல்' என்று எழுதிவருகிறேன், மொட்டையாக இருக்கிறது.

*

தட்டான் அரத்தால் தேய்த்து எடையைச் சரிக்கட்டுவதை 'ராவுதல்' என்போம். ராவினால் குறையும், திரும்பக் கூட்ட முடியாது. உங்கள் லேசர் வேலையும் அப்படித்தானா?

*

அப்படியேதான் ஐயா. அரித்தது அரித்ததுதான். ராவுதல் என்றே எழுதுகிறேன்.